யசோதினியின் கட்டைவிரல்

யசோதினிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மடுல்சீமையில் பஸ் திரும்பும் இடத்துக்கும் மேலே ஏறிப் போனால் வருகிற புதுக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவாள். போன் வந்தால், வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்துகொண்டே பேசுவாள்.

"இந்தப் புள்ள வயித்துல இருக்கையிலயே என்னய ஒரு எடத்துல குந்த விடல" என்பது அவளுடைய அம்மா கலாராணியின் புகார். அது பொய்யுமில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கலாராணியைத் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி பசறையை எட்டும் முன்பே யசோதினி பிறந்துவிட்டாள். ஓடுகிற வண்டியில் பிறந்தவள் எப்படி உட்காருவாள் என்று லயத்தில் பேச்சு.

அவளுடைய அப்பா வீரய்யா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் அது மறுபடி துளிர்த்து வரும். அதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வெட்டி விழுகிற கிளைகளை மிலாறு என்பார்கள். லயத்து அடுப்புகளுக்கு மிலாறுதான் விறகு. கவ்வாத்து நடக்கிற மலையிலிருந்து பொழுது சாயும்போது ஆணும் பெண்ணும் மிலாற்றைக் கட்டுக்கட்டாகத் தலையில் வைத்து இறங்குவார்கள். அதை யாரும் கேட்டு எடுப்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்துக்குப் போவது மாதிரி, மிலாறு லயத்துக்குப் போகும். நடக்கப் பழகிய காலத்திலிருந்தே யசோதினியின் தலையிலும் ஒரு சின்னக் கட்டு இருந்திருக்கிறது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பிறகு நடந்ததெல்லாம் இந்த மிலாற்றால்தான் நடந்தது.

உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படித்தாள். நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை எழுதியபோதும் அதே கதை. பிறகு பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலிருந்து மாலைவரை சேலை அடுக்குக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய வேலை. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. முதலாளி அவளை அனுப்பவில்லை. "புள்ள, நீ நிக்கிற நிப்பப் பாத்தா வாற ஆளுக்கு எல்லாம் பஸ் போகப்போகுதுன்னு தோணுது" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். மறுநாள் அவள் போகவில்லை.

மண்வளத்தைப் பற்றி வேலை செய்கிற ஒரு நிறுவனம் ஊவா மாகாணத்திலிருந்து சில இளைஞர்களை இந்தோனேசியாவுக்குப் படிப்புப் பயணமாக அழைத்துப்போவதாகக் கேள்விப்பட்டதும், எழுதிப்போட்டாள். நேர்முகத்தில், "நீங்கள் ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "எங்க மலையில மழை பெஞ்சா ஓடை செவப்பா ஓடும். சின்ன வயசுல ஓடைத் தண்ணியோட நெறமே செவப்புன்னு நெனச்சிருந்தேன். அது எங்க மண்ணுன்னு படிச்ச பெறகுதான் தெரிஞ்சிச்சு" என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

விமானத்தில் இரண்டு பக்க இருக்கைகளுக்கு நடுவே அவள் போய்ப் போய் வந்ததைப் பார்த்த பணிப்பெண், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தாள். வெலிமடையிலிருந்து வந்திருந்த ஷிபான் மட்டும் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நீங்க ஜாவாவுக்கு நடந்தா போறீங்க?" என்று கேட்டான்.

பண்டுங் நகரத்துக்குத் தெற்கே அவர்கள் போய் இறங்கிய மலை அவளுக்கு அந்நியமாக இல்லை. அதே மூடுபனி, அதே தேயிலை, அதே குளிர். தன் தோட்டத்தையே யாரோ திருத்தி எழுதி வைத்த மாதிரி இருந்தது. கவ்வாத்து வெட்டிய மலை புதுக்காட்டில் மொட்டையாகக் கிடக்கும். இங்கே வெட்டியதெல்லாம் வரிசைகளுக்கு நடுவில் பாய் விரித்தது போலக் கிடந்தது. அந்தப் பாயை விலக்கிவிட்டு யசோதினி மண்ணுக்குள் கையை விட்டாள். கறுப்பு மண். ஈரம். விரல்களுக்கு இடையில் மண்புழு நெளிந்தது. மற்றவர்கள் அடுத்த பாத்திக்குப் போன பிறகும் அவள் அங்கேயே குந்தியிருந்தாள். ஷிபான் அதைப் படம் எடுத்து, "யசோதினி உட்கார்ந்த இடம்" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினான்.

அவள் தங்கியது அந்தத் தோட்டத்தின் விவசாய அதிகாரி நூர் என்பவரின் வீட்டில். அங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக "இபு" என்பார்கள். அவளும் இபு என்றே கூப்பிட்டாள். சோற்றோடு காரமாக அரைத்து வைத்ததற்கு அங்கேயும் சம்பல் என்றுதான் பெயர் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இபு அடுப்பின் திருகைத் திருப்புவார். பட்டென்று நீலமாகப் பற்றும். பக்கத்தில் குட்டையாக ஒரு பச்சை சிலிண்டர். அன்றைக்கே அம்மாவுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். "அம்மா, இங்க சமையக்கட்டுல பொகையே இல்லம்மா. கண்ணு எரியல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"அப்ப அங்கயே இருந்துக்க" என்று கலாராணியிடமிருந்து பதில் வந்தது.

திரும்பி வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாடத்தைத் தங்கள் ஊரில் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் ஏற்பாடு. யசோதினி வேறு எதையும் யோசிக்கவில்லை. தோட்டத்து மண்டபத்தில் சுவரில் படம் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். முன்வரிசையில் தோட்டத்தை நடத்துகிற துரை உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். உரம் கிடைக்காமல்போன வருடங்களில் மலைகள் மஞ்சளித்துப்போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. போதாததற்கு, தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மண்ணுக்கு என்ன செய்கிறீர்கள் என்று வேறு கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

யசோதினி கறுப்பு மண்ணின் படத்தைக் காட்டியபோது துரை முன்னால் சாய்ந்தார்.

"எல்லா மிலாறும் மலையிலயே விடுறாங்களா?"

"ஆமா சேர். எல்லாம்."

"செலவு?"

"ஒண்ணும் இல்ல சேர். வெட்டினத அப்பிடியே விட வேண்டியதுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் கலாராணியும் தட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த அடுத்த காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மாவும் தட்டினாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வேறு நாட்டு மிலாறு வேறு நாட்டு மலையில் கிடந்தது. அதில் யாருக்கு என்ன வந்தது?

கூட்டம் முடிந்து போகும்போது துரை அவளிடம் நின்றார். "இந்த மாதிரிப் பிள்ளைதான் எனக்கு வேணும். வெளிக்கள உத்தியோகத்தர் பயிற்சிக்கு உன் பேரைக் கொழும்புக்கு அனுப்புறேன்."

லயத்தில் பிறந்த ஒரு பெண் அந்த வேலையில் இதுவரை இருந்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் யசோதினி நடந்தாளா ஓடினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்கிய காலையில் கலாராணி தேநீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டாள். தொழிலாளர்கள் காலையில் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற இடம் அது. யசோதினி போத்தலை எடுத்துக்கொண்டு போனபோது கணக்கப்பிள்ளை தங்கராஜா பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னையிலேருந்து ஆறாம் நம்பர்ல வெட்டுற மிலாறு ஒரு குச்சிகூட கீழ எறங்கப்படாது. தொரையோட ஓடரு. மலைக்கு வோச்சர் போட்டிருக்கு. மண்ணுக்கு நல்லதாம். நம்ம வீரய்யா மக ஜாவாவுல பாத்துட்டு வந்து சொன்னது."

இராக்கம்மா, "அப்ப எங்க அடுப்புக்கு?" என்றாள்.

"அத ஏன் என்கிட்ட கேக்குறீங்க? அந்தா நிக்கிது, படிச்ச புள்ள. அதுகிட்ட கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. போத்தலோடு நின்ற யசோதினியை இராக்கம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா ஜாவா தொரசாணி? சோத்துப் பானைய வெயில்ல வச்சா வெந்துருமா? வெயிலும் இல்லியே இப்ப."

சிலர் சிரித்தார்கள். கலாராணி போத்தலை வாங்கிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள். யசோதினியின் கண்ணுக்கு முன்னால் அப்போது வந்தது கறுப்பு மண் இல்லை. இபு வீட்டு அடுப்பில் பட்டென்று பற்றிய நீலம். அந்த வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறாள். கண் எரியவில்லை என்று அம்மாவிடம் ஆச்சரியமாகச் சொன்னவளும் அவள்தான். மண்ணைப் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர்கள் வீட்டிலும் ஒரு கேஸ் சிலிண்டர் உண்டு. கேஸ் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிய காலத்தோடு அது தீர்ந்தது. இப்போது அதன்மேல் அரிசி டின் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய மிலாறு நாளுக்கு நாள் இறங்கியது. பெண்கள் வேலை முடிந்து வந்து, காட்டோரம் போய் ஈர விறகு பொறுக்கினார்கள். கால் முழுக்க அட்டை. சில வீடுகளில் இரவுக்குக் காலையில் சுட்ட ரொட்டிதான். நாள் முழுக்க நனைந்து கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிற ஆண்களுக்கு உடம்புக்கு ஊற்றச் சுடுதண்ணீர் இல்லை. முதல் நாள் வீரய்யா மிலாற்றுக் கட்டு இல்லாமல் வெறுந்தலையோடு வந்து இஸ்தோப்பில் ஏறினார். அந்தத் தாழ்வாரத்தில் நின்று, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "என்னமோ தல லேசா இருக்கு" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று யசோதினிக்கு இருந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் இராக்கம்மாவின் கடைசி மகள் விதுஷா ஒரு சிரட்டையோடு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, அம்மா ஒரு செரட்ட கறுப்பு மண்ணு வாங்கியாரச் சொல்லிச்சு."

"எதுக்கு?"

"அடுப்புல போட."

சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் பிள்ளை சிரித்தது. யசோதினி சிரட்டையை வாங்கி, தங்கள் குவியலிலிருந்து இரண்டு காய்ந்த மிலாற்றை அவள் கையில் கொடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் வாசலுக்குத் திரும்பி வந்து விழுந்தன.

"நீ வேணும்னா செஞ்சே?" என்றாள் கலாராணி, ஈர விறகை ஊதி ஊதி. "அது எனக்குத் தெரியும். ஆனா போற எடத்துல எல்லாம் என்னையத்தானே கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"நான் தொரைகிட்ட போறேன்மா."

"போ. உக்காரச் சொன்னா உக்காரு. ஆடிக்கிட்டு நிக்காத."

துரை உட்காரத்தான் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த கிழமை ஆட்கள் வாறாங்க. உன்னைக் கூட்டிப் போனவங்கதான். உன் இந்தோனேசியா மெடமும் வாறாங்களாம். நீதான் மலையைக் காட்டணும்."

"சேர், அடுப்புக்கு வெறகு இல்லாம ஆளுங்க..."

"தெரியும். எல்லா மாற்றமும் முதல்ல கஷ்டம்தான். நீதானே எல்லாம் விடணும்னு சொன்னது?"

"நான்தான் சேர். அதுல ஒண்ண நான் யோசிக்கல."

"இந்த வருகை முடியட்டும். பிறகு பார்ப்போம்." அவர் கையெழுத்துப் போட எதையோ இழுத்தார். "உன் பேர் கொழும்புக்குப் போயிருக்கு. இந்த நேரத்தில குழப்பாதே, மகள்."

அதட்டியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். அவர் அன்பாகத்தான் சொன்னார். யசோதினி வெளியே வந்து வீட்டுப் பக்கம் போகாமல் மேலே ஏறினாள். அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதை அவளே அந்த ஏற்றத்தில்தான் உணர்ந்தாள். ஊரைவிட்டுப் போகாமல், மலை மலையாக நாள் முழுக்க நடக்கிற வேலை. அவளுக்கென்றே செய்து வைத்த மாதிரி. பேசாமல் இருந்தால் கிடைக்கும். பேசாமல் இருந்தால், கிடைத்த பிறகு இந்த மலைகளில் எந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து வேலை சொல்வாள்?

ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிய வரிசைகளுக்குள் அவள் இறங்கினாள். காவலுக்கு நின்ற வோச்சர் அவளைக் கண்டுவிட்டு, ஜாவாக்காரி தன் மிலாற்றைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று விட்டுவிட்டான். குனிந்து கையை விட்டாள். இலைகள் பழுத்து மண்ணோடு ஒட்டத் தொடங்கியிருந்தன. ஈர்க்குப் போன்ற நுனிகள் தொட்டதும் ஒடிந்தன. கட்டைகள் மட்டும் வெட்டி விழுந்த அன்றைக்கு இருந்த மாதிரியே முரட்டுத்தனமாகக் கிடந்தன. செடி துளிர்த்த பிறகு கொழுந்து எடுக்க வருகிறவர்களின் காலைக் கிழிக்கப் போகிறவை. இலைதான் சீக்கிரம் மக்கிச் சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். மரம் வருடக்கணக்கில் கிடக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறாள். நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறாள். பிறகு அந்த விடையைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, மிலாறுல எலையையும் நுனியையும் மலையிலயே விட்டுட்டு கட்டைய மட்டும் எடுக்கணும்னா ரொம்ப வேலையா?"

வீரய்யா யோசித்தார். "தனியா இருந்து பிரிச்சா வேலதான். வெட்டுறப்பவே நுனியத் தட்டி விட்டுட்டா ஒண்ணும் இல்ல. கூட ஒரு வெட்டு."

"ஞாயித்துக்கெழம வாறீங்களா?"

"வோச்சர் நிக்கிறானே."

"அவர்கிட்ட நான் பேசுறேன்."

பேச வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் மலை விளிம்பில் சில வரிசைகளில் வேலை செய்தபோது, வோச்சர் அடுத்த மலையைப் பார்த்தபடி நின்று, "நான் பாக்கல" என்றான். அவன் வீட்டிலும் அடுப்பு இருக்கிறதே. இலையும் நுனியும் செடிக்கடியில் பாயாகக் கிடந்தன. கட்டைகளை வரிசைக் கடைசியில் நேராக அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றைக்கூடத் தொடாமல் இருவரும் வெறுங்கையோடு இறங்கினார்கள்.

வந்தவர்களின் ஜீப் மலையடியில் நின்றதும் இபு நூர் இறங்கி யசோதினியைக் கட்டிக்கொண்டார். "இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிறுவனத்து ஆட்கள் படம் எடுத்தார்கள். துரைக்கு நல்ல மனநிலை. பெண்கள், கொழுந்து எடுக்கும்போது நனையாமலிருக்கக் கட்டுகிற படங்குச் சாக்கைத் துவைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். யசோதினி விளக்கினாள். குரல் சரியாகத்தான் வந்தது. கால்தான் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

நிறுவனத்து வெள்ளைக்கார அம்மா ஒருவர், இந்தப் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். யசோதினி அதைத் தமிழில் சொன்னாள்.

இராக்கம்மா, "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு. தொரை நிக்கிறாரில்ல" என்றாள். வரிசையில் சிரிப்பு ஓடியது. "அதோட இதையும் கேளு. அந்த ஜாவாம்மா வீட்டுல சோறு எதுல பொங்குறாங்க?"

துரைக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். யசோதினி முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார். யசோதினியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவள் இராக்கம்மாவின் பேச்சை, துரை நிற்கிறார் என்பதையும் சேர்த்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

இபு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கேஸில்" என்றார்.

"கேஸ்ல" என்றாள் யசோதினி தமிழில்.

"ம்" என்ற சத்தம் பெண்களின் வரிசையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது.

யாரும் கேட்காமலேயே அவள் தொடர்ந்தாள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம். "நான் மண்டபத்துல காட்டினது பாதிதான். மண்ணைப் படம் எடுத்தேன், அடுப்பைப் படம் எடுக்கல. இபு வீட்டுல தெனமும் சாப்பிட்டேன், எதுல சமைச்சீங்கன்னு யோசிக்கல. எங்க வீட்டுல இந்த மிலாறுலதான் சமைக்கிறோம். எல்லாத்தையும் விடுங்கன்னு சொன்னது என் பிழை. தொரை அத நம்பித்தான் செஞ்சாரு." பிறகு, "வாங்க" என்று முன்னால் நடந்து, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்த வரிசைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாயாகக் கிடந்த இலையைக் காட்டினாள். ஓரத்தில் அடுக்கிய கட்டைகளைக் காட்டினாள். இது மண்ணுக்கு, இது அடுப்புக்கு.

இபு குந்தி உட்கார்ந்து இலைக்கடியில் கையை விட்டார்.

"கேஸ் வருவதற்கு முன் நாங்களும் கட்டையை வீட்டுக்குத்தான் தூக்கிப்போனோம்" என்றார் யசோதினியிடம். "நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

துரை வானத்தைப் பார்த்தார். "மழை வருது, போகலாம்" என்று ஜீப்பை நோக்கி நடந்தார். மழை அன்றைக்கு வரவேயில்லை.

அடுத்த சில நாட்கள் யசோதினிக்கு மிக மோசமாகப் போயின. ஆபிஸிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. மிலாறு மலையிலேயே கிடந்தது. வேலையும் போயிற்று, விறகும் வரவில்லை என்று அவள் லயத்துக்கும் தெருவுக்குமாக நடந்தாள். கலாராணி, "தரை தேஞ்சிரும், ஒக்காரு" என்றாள். ஷிபான் போனில், "இப்ப எங்க நடக்குறீங்க?" என்று கேட்டதற்குக்கூட அவளால் சிரிக்க முடியவில்லை.

பிறகு ஒரு காலையில் பெரட்டில் தங்கராஜா தொண்டையைச் செருமினார். "தொரை சொல்லச் சொன்னாரு. எலையும் நுனியும் மெல்லிசும் மலையிலயே தட்டி விட்டுறணும். கட்டவெரல் மொத்தத்துக்கு மேல உள்ளத மட்டும் எறக்கிக்கலாம்."

யாருடைய கட்டைவிரல் என்று துரை சொல்லவில்லை.

அன்று மாலையே ஆறாம் நம்பர் மலையின் வளைவில் சண்டை. தங்கராஜா தன் கட்டைவிரலை வைத்து அளந்தார். அவருடையது கதலிப்பழம் மாதிரி; அதைவிடத் தடித்த மிலாறு மலையிலேயே கொஞ்சம்தான்.

"இது வெரலா, ஒலக்கையா?" என்றாள் இராக்கம்மா. கட்டுத் தூக்க வந்திருந்த விதுஷாவை இழுத்து, அவளுடைய சின்னக் கையை விரித்துக் காட்டினாள். "இதுவும் கட்டவெரலுதான். தொரை வயசு சொல்லலியே."

"அத வச்சு அளந்தா ஈர்க்குகூட எறங்கும்."

"எறங்கட்டும். நீங்க எறக்க விடாம வச்சிருந்தீங்கல்ல."

ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். யாருடைய விரலையும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் தங்கராஜா தொப்பியைக் கழற்றி வீசினார். "எனக்கு இந்த வம்பு வேணாம். யாரு ஆரம்பிச்சாங்களோ அவங்களே வந்து நிக்கட்டும்."

யசோதினியைக் கூப்பிட விதுஷா ஓடினாள். யசோதினி வந்ததும் எல்லாரும் அவளுடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தார்கள். இராக்கம்மா அந்தக் கட்டைவிரலை ஒரு மிலாற்றோடு வைத்து, திருப்பி, மறுபடி வைத்து, இளைத்த பிள்ளை என்பதால் அவ்வளவு மோசமில்லை என்று முடிவு செய்தாள். கணக்கப்பிள்ளையும், "கொஞ்சம் மெல்லிசுதான், போகட்டும்" என்றார்.

அன்றிலிருந்து கவ்வாத்து நடக்கிற மாலைகளில் அவள் மலை வளைவில் நிற்கிறாள். கட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. சந்தேகமான மிலாற்றை உருவி விரலோடு வைத்துப் பார்த்து, மெல்லியதைத் திரும்ப மலைக்குள் எறிகிறாள். அதற்காக இன்னும் திட்டு வாங்குகிறாள். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. துரை அவளுடைய பெயரை அப்படியே விட்டிருக்கிறாரா, திருப்பி எடுத்துவிட்டாரா என்று ஆபிஸில் கேட்டால், எல்லாரும் அவரைக் கேள் என்கிறார்கள். அவரைக் கேட்க இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். நேற்று அவருடைய ஜீப் வளைவில் வேகம் குறைத்தது. அவர் கண்ணாடியை இறக்கி, நீட்டிப் பிடித்திருந்த அவளுடைய விரலைப் பார்த்தார். என்னவோ கேட்கப்போகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையசைப்பு எதற்கு என்று அவள் போகிற ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்பதுகூடச் சரியில்லை, ஒரு கால் மாற்றி ஒரு காலாக ஆடிக்கொண்டிருந்தாள்.

"வெரல மடக்காத, புள்ள" என்றாள் அடுத்ததாக வந்த இராக்கம்மா, தலைக்கட்டை இறக்காமலேயே. "என் கட்டு இருக்கு இன்னும்."